தீக்குச்சி நுழைந்த சுவர்

"ஏட்டி, ஒடஞ்ச ஸ்டூலுக்குக் கால் போட வந்தவ, போட்டு வாங்கிட்டுப் போக வேண்டியதுதான? எங்க வீட்டுச் செவுத்து வெடிப்புல தீக்குச்சி என்னத்துக்குச் சொருகியிருக்குன்னு ஒனக்கு எதுக்கு? செவுத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு, குத்திக்கிடட்டும்னு குடுத்திருக்கேன். போதுமா?"

பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணை இப்படித்தான் ஏசினேன். அவள் போகவில்லை. ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது கேட்பாள், அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். என் மானத்தை வாங்குவதென்றால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தச்சர். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், குச்சி அடுக்கும் மரச்சட்டங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதுமாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். நான் இன்னோர் ஆபீஸில் அதே மாதிரிச் சட்டத்தில் குச்சி அடுக்கியவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. விரலுக்கும் தீக்குச்சிக்கும் உள்ள பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு குச்சியை உருட்டச் சொன்னால், அது சரியான தடிமனா, ஒரு நூல் ஒல்லியா என்று சொல்லிவிடுவேன். இந்தப் படிப்பை யாரும் மதிக்கவில்லை. போன வருஷம்தான் அதற்கு ஒரு வேலை வந்தது.

வேலையிலிருந்து நின்றதும் அவர் வீட்டுக்குத் தெற்குப் பக்கம் கிடந்த காலி இடத்தில் கொத்தனாரை வைத்து ஒரு ஷெட் போட்டார். மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம், முன்பக்கம் திறந்த வாசல். "சும்மா வீட்டுல இருந்தா ஒம் மூஞ்சியைப் பாக்கணும்" என்றார். "ஷெட்டுல இருந்தா மட்டும் நான் வர மாட்டனாக்கும்" என்றேன். அதனால்தான் சீக்கிரமாகக் கட்டினார் போலிருக்கிறது.

ஷெட் வந்துவிட்டதே தவிர, சாமான்கள் பழையபடிதான் கிடந்தன. இரண்டு கோணிச் சாக்கு, ஒரு பெயின்ட் வாளி, அடி ஓட்டையான ஒரு பால் கேன். ஒரு உளி வேண்டுமென்றால் சாக்கைத் தரையில் கவிழ்ப்பார். உளி வரும், கூடவே அறுக்கிற வாளும் அரமும் சுத்தியலும் எல்லாம் வரும். வேலை ஐந்து நிமிஷம், தேடல் அரை மணி நேரம். ஒரு நாள் சாக்குக்குள் கையை விட்டு விரலைக் கிழித்துக்கொண்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாலும், விரல் கிழிந்த அன்றைக்கு அவர் கையைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கண்ணைத்தான் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தன் ஷெட்டுச் சுவர் முழுக்கச் சாமான்களை மாட்டி வைத்திருக்கும் ஆள். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"என்ன சொல்லுதான் அந்த ஆளு?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? சத்தத்தைக் கொறச்சு வச்சுட்டு அவன் கையைத்தான் பாக்குதேன்."

விஷயம் இதுதான். நாலு விரல் அகலப் பலகை ஒன்றை எடுத்து, நீளவாக்கில் சாய்வாக அறுத்து இரண்டாக்குகிறார்கள். ஒரு பாதியைச் சாய்ந்த விளிம்பு மேலே இருக்கிற மாதிரி சுவரில் திருகாணி போட்டு முடுக்குகிறார்கள். மறுபாதியைத் தலைகீழாகத் திருப்பி, சாமான் வைக்கிற பெட்டியின் முதுகில் முடுக்குகிறார்கள். பெட்டியைத் தூக்கிச் சுவர்க்கட்டையின் மேல் வைத்தால் சாய்வும் சாய்வும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இழுத்தால் வராது, மேலே தூக்கினால் வந்துவிடும். இடம் பிடிக்கவில்லை என்றால் நகட்டி வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஆணி அடிக்க வேண்டியதில்லை. நான் அதற்குக் கவ்வுக்கட்டை என்று பெயர் வைத்தேன். பார்த்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்குவது போலிருக்கும், எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியாது. எங்கள் கல்யாணப் போட்டோவை அங்கேதான் மாட்ட வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அளந்துகொண்டிருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போட்ட சட்டங்கள், பழைய பெட்டிப் பலகைகள், இவைதான் மரம். பன்னிரண்டடிச் சுவரில் ஐந்து வரிசைக் கவ்வுக்கட்டை. ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்து, நடுவிலிருக்கும் கண்ணாடிக் குழலில் குமிழ் அசையாமல் நட்டநடுவில் நிற்கும்வரை விடமாட்டார். உளிகளுக்கு அரைவட்டம் வெட்டிய ஒரு பலகை. வாள்களுக்குப் பிளவு போட்ட பெட்டி. மரம் சீவும் இழைப்புளிக்குச் சாய்வான ஒரு தட்டு, அது தூங்குவதற்குத் தொட்டில் கட்டின மாதிரி. என் ஊறுகாய் பாட்டில்கள் நாலு காணாமல் போயின. தேடிப் போனால், மூடிகளை ஒரு பலகையின் அடியில் திருகி, பாட்டில்களை அந்த மூடிகளில் முடுக்கித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நார்த்தங்காய் இருந்த இடத்தில் திருகாணி.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டார். எடுத்ததை அங்கேயே வைக்க வேண்டுமாம். சுத்தியலை எடுத்தால் சுவரில் சுத்தியலின் நிழல் மட்டும் இருக்கும். எதிர்வீட்டு லாத்தா வந்து பார்த்துவிட்டு, "அல்லா, மருந்துக்கடை கெட்டுச்சு போங்க" என்றார். நான் அவரை லாத்தா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவள் என்பதில் இருபது வருஷமாக இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. கை துறுதுறுத்தது. ஒரு நாள் காலையில், உளிகளுக்கும் வாளுக்கும் நடுவில் என் குழம்புக் கரண்டியை மாட்டி வைத்துவிட்டு, கத்துவார் என்று அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சத்தமே இல்லை. மதியம் குழம்பு ஊற்றக் கரண்டி எடுக்கப் போனால், கரண்டியைச் சுற்றியும் அழகாகப் பென்சில் கோடு போட்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில், அன்றைக்குத்தான் நான் தோற்றேன்.

வம்புக்காரி என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு. கரண்டிக் காரியம் அதை உறுதி பண்ணிவிட்டது. அதனால்தான் பென்சில் விழ ஆரம்பித்தபோது பழி நேராக என் தலையில் வந்தது.

மேல் வரிசையில் சுவரின் நீளத்துக்கும் ஒரு தட்டுப் பலகை போட்டிருந்தார். வேலை முடிந்ததும் உருட்டைப் பென்சிலை அதன் மேல் வைப்பார். காலையில் போய்ப் பார்த்தால் பென்சில் தரையில் கிடக்கும். ஒரு நாள் அல்ல, தினமும். தினமும் அதே இடம், வாசல் பக்கத்து முனைக்கு நேர் கீழே. கூர் முறிந்து கிடக்கும்.

"ஏட்டி, எதுக்கு எம் பென்சிலைத் தட்டி விடுதே?"

"நான் எங்க தட்டினேன்? எட்டவே எட்டாது எனக்கு."

"கரண்டி மட்டும் எட்டுச்சோ?"

அவர் ரசமட்டத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. உள்பக்கத்து மூலை மேலே, வாசல் பக்கம் கீழே. மட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தார். குமிழ் மறுபடி அதே மூலைக்கே போனது. ஆக ரசமட்டத்தில் கோளாறு இல்லை.

"கட்டையை அசைச்சிருக்கே நீ."

"அடப் போங்க. பன்னெண்டடிக் கட்டையை நான் ஒத்தையில அசைக்க முடிஞ்சா தீப்பெட்டி ஆபீசுல மூட்டை தூக்கியிருப்பேன்."

"வேதப்புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லு."

உள்ளே போய் எடுத்து வந்து, கை வைத்து, "அந்தச் செவுத்தை நான் தொடல" என்றேன். உண்மைதானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குற்றமில்லாமல் மாட்டிக்கொண்ட சந்தோஷம் எனக்கு.

அவர் ஐந்து கட்டைகளையும் கழற்றினார். மறுபடி மட்டம் பார்த்து முடுக்கினார். இந்தத் தடவை என்னையும் கூப்பிட்டுக் குமிழைக் காட்டினார். "நடுவுல நிக்கா? நல்லாப் பாரு." நின்றது. பென்சிலை வைத்தோம், அசையவில்லை. பதினைந்து நாள் கழிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பென்சில் தரையில்.

இந்தத் தடவை அவர் என்னை ஏசவில்லை. பென்சிலை எடுத்தார், கூர் சீவினார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டில் வைக்கவே இல்லை. எனக்கு அவர் ஏசாததுதான் கிலியைக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் மகள் புதியம்புத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் மருமகனும் அங்கே ரெடிமேட் சட்டை தைக்கிற இடம் வைத்திருக்கிறார்கள். தலைவாசலுக்கு நிலை, அதாவது கதவு நிற்கிற சட்டம், அப்பா கையால்தான் செய்ய வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காக வாங்கிய வேங்கை மரம் ஷெட்டு ஓரத்தில் மூன்று மாதமாகச் சாத்திக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஒரு நாள் போனில் அவரே அவளிடம் சொன்னார்.

"இரும்புல ரெடிமேடா விக்கான். அதை வாங்கி மாட்டிரு தாயி."

"ஏம்ப்பா?"

"நிலை கோணிருச்சுன்னா ஆயுசுக்கும் கதவு முட்டும். எனக்கு இப்ப மட்டம் புடிபட மாட்டேங்கு. ஒரு தட்டு நேராப் போட முடியல, ஒனக்கு என்ன நிலை செய்ய?"

போனை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"எம்மா, அப்பா என்ன இப்படிச் சொல்லுதாவ? திங்கக்கிழமை கொத்தனாரு நிலை எங்கன்னு கேப்பாரு. நான் எத்தனை நாளைக்குத் தள்ளிப் போட?"

"எந்தத் திங்கக்கிழமை?"

"வார திங்கக்கிழமைக்கு அடுத்தது."

சரி, எனக்குப் பதினோரு நாள் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் ரசமட்டத்தைத் துணியில் சுற்றிச் சாக்குக்குள் வைத்தார். சுவரில் அதற்குப் போட்ட கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிறவள்தான் நான். ஆனால் கிண்டல் பண்ண எதிரில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டாமா?

கட்டைகளைக் கழற்றி மறுபடி முடுக்கியபோதே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டிருந்தது. சுவரின் பூச்சில், உள்பக்கத்து மூலைக்குக் கிட்டே, மயிர் மாதிரி ஒரு வெடிப்பு கீழிருந்து மேலே சாய்வாகப் போனது. "பூச்சு வெடிப்பு" என்று அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஒரு யோசனை. மயிர் என்றால் எவ்வளவு மயிர்? அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து, ஒரு குச்சியை எடுத்து மருந்தைக் கிள்ளிப்போட்டுவிட்டு வெடிப்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். முன்னே மயிர் அளவு இருந்ததில் இப்போது ஒரு குச்சி பதமாக நுழைந்தது. வெடிப்பு வளர்ந்திருக்கிறது.

குச்சியை அப்படியே விட்டேன். மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாளும் கெட்டியாக இருந்தது. மூன்றாம் நாள் போனால் குச்சி கீழே கிடந்தது. ஒற்றைக் குச்சி ஆடியது, இரண்டு குச்சிகளைச் சேர்த்து வைத்தால் பிடித்தது. நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தேன். காற்று அடிக்கவில்லை, மழை இல்லை, லாரி போகவில்லை. நான் துணி துவைத்தேன். அவ்வளவுதான்.

துணி துவைத்தால் சுவர் வெடிக்குமா என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, துணி துவைப்பதை நிறுத்திப் பார்த்தேன்.

நாலாம் நாளே அவர் வந்து நின்றார். "போடதுக்குச் சட்டை இல்ல. மிஷின் ரிப்பேரா?"

"மிஷினு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ரிப்பேரு. கைலியைக் கட்டிக்கிட்டு இருங்க, யாரு பொண்ணு பாக்க வாரா?"

ஐந்தாம் நாள் இரட்டைக் குச்சியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. சுவர் கடித்துக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் குச்சி ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. பின்வீட்டுப் பெண் பார்த்தது அதைத்தான்.

எனக்கு அப்புறம் உட்கார முடியவில்லை. மிச்சத்தையும் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. ஒரே நாளில் வீட்டிலிருந்த துணி அத்தனையும் மிஷினில் போட்டேன். ஜன்னல் திரை, தலையணை உறை, கட்டில் விரிப்பு, கட்டிலில் விரிக்காமல் பீரோவில் மடித்து வைத்திருந்த விரிப்பு. அதுவும் தீர்ந்ததும் லாத்தா வீட்டுக்குப் போய், "துவைக்கதுக்கு ஏதாச்சும் இருந்தாத் தாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல எதுவும் விசேஷமாக்கா?"

"ஆமா. செவுத்துக்கு."

மூன்று போர்வை தந்தார். எதற்கு என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை, பயந்திருப்பார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், ஒடிந்து நின்ற குச்சிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குச்சி தாராளமாக நுழைந்தது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மகள் வாஷிங் மிஷின் வாங்கித் தந்தபோது, அதன் கழிவுத் தண்ணீர்க் குழாயைத் தெருச் சாக்கடை வாறுகாலில் விடச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில், குடம் குடமாகத் தண்ணீரை வாறுகாலில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அவர் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாளில், ஒரு நீளக் குழாயை வாங்கி, ஷெட்டுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய், மூலையில் நான் வைத்திருந்த எலுமிச்சங்கன்றுக்கு விட்டேன். மேலே ஓலையைப் போட்டு மூடியும் வைத்தேன். கன்று என்றால் கன்று இல்லை, ஆறே மாதத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. "மண்ணு அப்படி" என்று அவர் வேறு மெச்சிக்கொண்டார்.

மண் அப்படித்தான். கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஈரம் பட்டால் அதே மண் ஊறி, உப்பி, எழுந்து நிற்கும், மேலே இருப்பதையும் தூக்கிக்கொண்டு. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மண். எட்டயபுரம் ரோட்டில் எங்கள் அப்பாவுக்கு இருந்த புஞ்சைக்காட்டில், மழைக்குப் பிறகு வேலிக்கல் எல்லாம் குடித்த மாதிரி சாய்ந்து நிற்கும். அப்படியிருந்தும் ஆறு மாதமாக ஷெட்டின் ஒரு மூலைக்கு மட்டும் தண்ணீர் காட்டிவிட்டு, அந்த மூலை ஏன் எழுந்திருக்கிறது என்று நானே குச்சி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்கு இது தோன்றாததற்குக் காரணம் உண்டு. அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரர். செக்கச் செவேல் என்ற மணல். ஆயிரம் குடம் ஊற்றினாலும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரிக் கிடக்கும். ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனார் இன்னும் ஆழமாகப் போய் மணல் போட்டு நிரப்ப வேண்டும் என்றார். "எங்க ஊருல ரெண்டடிதான், இது என்ன அரமனையா" என்று இவர்தான் நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆக, குற்றம் இரண்டு பேர் மேலும் இருந்தது. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குழாயைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, மண் காயக் காயச் சுவர் தானாக இறங்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லாமலே தப்பித்துவிடலாம். ஆனால் சுவர் இறங்கினாலும் அவர் இறங்கமாட்டார். கண் போய்விட்டது என்றுதான் இருப்பார். வேங்கை மரம் அங்கேயே கிடக்கும், மகள் இரும்பை வாங்கி மாட்டுவாள். சொல்லிவிடலாம் என்றால், என் பேச்சை யார் நம்புவார்கள்? அவர் மனசைத் தேற்றக் கட்டிவிட்ட கதை என்பார். அந்த அளவுக்கு நான் பெயர் வாங்கி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவரிடம் போனேன்.

"எனக்கு அடுப்படியில ஒரு கவ்வுக்கட்டை போட்டுத் தாங்க. கரண்டி மாட்டணும்."

"முடியாது. எனக்கு மட்டம் வராது."

"எனக்கு எதுக்கு மட்டம்? கோணுனா எங் கரண்டிதான கோணும். குழம்பு நேராத்தான ஊத்தும்."

"ரசமட்டத்தை எடுத்துட்டு வா, சாக்குல கெடக்கு."

"அது வேண்டாம். அதைப் பாத்தாத்தான் ஒங்களுக்குப் பயம் வருது. கண்ணாலேயே பாத்துப் போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்கள் அடுப்படிச் சுவர் என் அப்பா கட்டியது. ஆள் ஆழத்துக்குத் தோண்டி, கரிசலை முழுக்க எடுத்துவிட்டு, ஓடைமணல் கொட்டிக் கட்டின வீடு. மழையானாலும் வெயிலானாலும் அசையாது. அது அவருக்குத் தெரியாததல்ல, ஆனால் அப்போது அவர் அதை நினைக்கவில்லை. மூன்றடிக் கட்டையைச் சுவரில் வைத்து, இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். முன்னால் போய் ஒரு முனையைக் கொஞ்சம் தட்டினார். மறுபடி பின்னால் வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், அப்புறம் மறு கண்ணை. புரை எடுத்த கண் எது என்று எனக்கே மறந்துபோயிற்று. கடைசியில் முடுக்கினார்.

"இம்புட்டுத்தான் வரும்."

நான் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்துக் கட்டை மேல் வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பயம்தான், கேட்டுக்கொள்ளுங்கள். குமிழ் ஒரு தடவை ஆடியது. அப்புறம் நடுக்கோடுகள் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது.

"பாருங்க."

பார்த்தார். மட்டத்தை முனை மாற்றி வைத்துப் பார்த்தார். விரலால் குழலைத் தட்டினார். குமிழ் போய்விட்டு நடுவுக்கே திரும்பி வந்தது.

"அப்ப அங்கன ஏன் கோணுச்சு?"

"வாங்க, காட்டுதேன்" என்றேன். ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஓலையை விலக்கினேன்.

அவர் குழாயைப் பார்த்தார், எலுமிச்சையைப் பார்த்தார். ஒரு கம்பியை எடுத்து மூலையில் குத்தினார். வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கியது. நாலடி தள்ளிக் குத்தினார், கல்லில் குத்திய மாதிரி நின்றது. நான் சட்டைக்குத் தட்டுப்பாடு வந்த கதையிலிருந்து லாத்தாவின் போர்வை வரைக்கும் சொன்னேன். குச்சிக் கணக்கையும் சொன்னேன்.

"எத்தனை நாளா இந்தக் குழாய் இங்கன கெடக்கு?"

"மிஷின் வந்ததுலேருந்து."

"வேதத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினியேட்டி."

"தொடலன்னுதான சொன்னேன். நனைக்கலன்னு சொன்னனா?"

அவர் கம்பியைக் கீழே போட்டார். ஏசப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவருக்கு ஏச வரவில்லை. தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொத்தனாரு அன்னைக்கே சொன்னாரு, கேக்கல நான்" என்றார் தனக்குத்தானே. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். அவ்வளவு நல்லவளும் உண்டு என்னுள்ளே.

மதியத்துக்குள் குழாயை எடுத்து முற்றத்துக் கோடிக்குக் கொண்டுபோனார். அங்கே சுவர் எதுவும் இல்லை. எலுமிச்சையையும் அடியோடு தோண்டி அங்கேயே வைத்தார். அது மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் துளிர்த்தது. கவ்வுக்கட்டைகளை அவர் உடனே தொடவில்லை. மண் காய்ந்து ஓயட்டும், அப்புறம் மட்டம் பார்க்கலாம் என்றார். மகளுக்கு போன் போட்டார்.

"ஏ தாயி, அஸ்திவாரத்துல மணலு எம்புட்டுப் போட்டிருக்கான்? கொத்தனாருகிட்ட போனைக் குடு... எப்பா, கரிசல் மண்ணு, பாத்துக்கிடும். நிலை நான் கொண்டுட்டு வாரேன். இரும்புக்காரன்கிட்ட எதுவும் பேசிராதீங்க."

வேங்கை மரத்தின் மேலிருந்த தூசியைத் தட்டிப் பலகை மேசையில் ஏற்றினார். சுவரிலிருந்து இழைப்புளியை எடுத்தார். பார்க்காமலேதான் கை நீட்டினார், அது கையில் வந்தது. அன்றைக்கு முழுக்க ஷெட்டிலிருந்து சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. கொத்தனாரிடம் செவ்வாய்க்கிழமை வரை தவணை கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை நிலையை மினி வேனில் ஏற்றி, அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே புதியம்புத்தூருக்குப் போனார். கதவு எதிலும் முட்டவில்லை என்று மகள் சாயங்காலம் சொன்னாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் தெருவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இழுத்துக்கொண்டு போகிற குழாய், தோண்டிக் கிடக்கிற மூலை, காரணமில்லாமல் சிரித்த ஒரு மனுஷன். லாத்தா முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"என்னக்கா, ஷெட்டு மூலையில தோண்டிப் போட்டிருக்கீங்க?"

உள்ளே இழைப்புளிச் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால், புருஷன் பேச்சைக் கேட்காமல் தண்ணீர் விட்டவள் நான். கூடவே இரண்டடியில் அஸ்திவாரத்தை நிறுத்திய தச்சர் அவர். அவர்கள் அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோவார்கள், மூன்று வருஷத்துக்குப் பேசுவார்கள்.

"எலி, லாத்தா" என்றேன். "அஸ்திவாரத்தைக் கெடுத்து மூலையையே தூக்கிருச்சு."

"மூலையைத் தூக்குச்சா? எம்புட்டுப் பெரிய எலி?"

"வெள்ளை எலி. ஒரு ஆள் தூக்க முடியாது. வாலு மட்டும் இருபதடி இருக்கும். ஒரு எடத்துல நின்னுக்கிட்டே சுத்தோ சுத்துன்னு சுத்தும், உறுமும். வாலு வழியாத் தண்ணியா விடும்."

"அடி ஆத்தே. அடிச்சிட்டீங்களா?"

"அடிக்கதுக்கு மனசு வரல. மக ஆசையா வாங்கிக் குடுத்தது. வாலை மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி விட்டிருக்கோம்."